பட்டை வாசம்

கறி வாசம் இல்லம்மா அது. மூக்குல இருந்து சேலைய எடுங்க. உள்ள வாங்க, செருப்ப அங்கனயே விடுங்க. சைவ வீடுன்னு சொன்னாங்களேன்னுதானே கேக்கீங்க? யாரு சொன்னாங்களோ, சரியாத்தான் சொல்லியிருக்காங்க. இந்த வீட்டு அடுப்புல முட்டைகூட வெந்தது கிடையாது. எங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துலயும் கிடையாது, அவர் போனதுக்கப்புறமும் கிடையாது. இது பட்டை. பிரியாணிக்குப் போடுவாங்கல்லா, அந்தப் பட்டைதான். ஆனா பிரியாணி இல்ல, பன்னு. இனிப்பு பன்னு. அந்தா, ஓவன்ல சிவப்பு லைட்டு எரியுது பாருங்க, அதுக்குள்ள வேகுது.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். வாசல்ல நின்னு, 'கறி சமைக்கீங்களா'ன்னு கேட்டீங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சுப்போச்சு. மனசுக்குள்ள ஒண்ண நெனச்சுக்கிட்டு மூஞ்சியச் சுளிச்சிட்டுப் போகாம, ஒரு வார்த்த கேட்டீங்க. கேட்டாத்தானே நாமளும் பதில் சொல்ல முடியும்? இந்தக் காலத்துல யாரு கேக்கா? அவங்கவங்களா முடிவு பண்ணிக்கிடுதாங்க.

மாடியப் பாக்கணும், அதுக்குத்தானே வந்திருக்கீங்க. காட்டுதேன், இருங்க. இப்பத் தெறக்க முடியாது. அடுத்த தட்டுக்கான மாவு மேலதான் பொங்கிக்கிட்டு இருக்கு. கதவத் தெறந்தா காத்து பட்டு அமுங்கிரும். ஆமா, மாடியிலதான். கீழ வச்சா என்னன்னு கேப்பீங்க. கீழ வச்சா சரியா வரமாட்டேங்குது. மேல அந்த ஓரத்து ரூம்ல சன்னல அடச்சுட்டு வச்சா, பாளையங்கோட்டை வெயிலுக்கு ஒரு மணி நேரத்துல சட்டி நெறைய வந்து நிக்கும். நானும் அது பக்கத்துலயே ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்திருவேன். மாவுக்குக் காவலான்னு கேக்காதீங்க. கீழ வந்து என்ன பண்ண?

எம் பேரு சிதம்பரவடிவு. தெருவுல வடிவக்கான்னு சொன்னாத்தான் தெரியும். எனக்குப் பிள்ளை குட்டி இல்ல. இத முதல்லயே சொல்லிருதேன், அப்புறம் ஆளாளுக்குச் சுத்தி வளச்சுக் கேப்பாங்க. காப்பி குடிப்பீங்கள்லா? சீனி எவ்வளவு?

நீங்க வாரதுக்கு முன்னாடி எத்தனையோ பேரு வந்துட்டாங்க. ஒரு வாத்தியாரும் அவர் சம்சாரமும் வந்தாங்க. ரெண்டு பேருமே வயசானவங்க, பூனை மாதிரி நடக்காங்க. மேல ஆள் இருக்கான்னு எப்படித் தெரியும்? வேண்டாம்னுட்டேன். ஒரு பேங்க்காரன் வந்தான், ஒத்த ஆளு, ராத்திரி தூங்க மட்டும் வருவானாம். எதுக்கு? அடுத்தாப்ல ஒரு குடும்பம், ரெண்டு பையன்க, மாடிப்படியில இருந்து குதிச்சு குதிச்சு எறங்குதானுக. அதுவும் சரியா வரல. குடுக்க மனசில்லாத வீட்டுக்கு எதுக்குக்கா வாடகைக்குன்னு போர்டு தொங்குதுன்னு எதிர்வீட்டுக்காரி கேக்கா. போர்டக் கழட்டினா ஆணி அடிச்ச ஓட்டை தெரியும்லா? அது கெடக்கட்டும், யாராவது வந்து மணியடிச்சா அடிக்கட்டும்னு விட்டுட்டேன்.

படிக்கட்டப் பாத்தீங்களா, வரும்போது? மஞ்சளா திட்டு திட்டா இருக்கும். அது அழுக்கு இல்ல. மஞ்சத் தண்ணி. சிமெண்ட் படி, உறிஞ்சிட்டு. எவ்வளவோ தேச்சுட்டேன், சவம், போவ மாட்டேங்குது.

சரி, சொல்லுதேன். சொல்லாட்டா நீங்க வேற ஏதாவது நெனப்பீங்க.

மாடியில பியூலான்னு ஒரு பிள்ள இருந்தா. ஸ்கூல் டீச்சர். அவ வீட்டுக்காரர் ஆசீர், அவருக்கு எல்ஐசில வேலை. ஒரு பொம்பளப் பிள்ள, ஹெப்சின்னு பேரு. வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. நான் அதெல்லாம் பாக்காத ஆளு. பாத்திருந்தா குடுத்திருப்பேனா? 'ஒண்ணே ஒண்ணுதாம்மா, எங்க வீட்டுல கறி மீன் சமைக்கக் கூடாது, வெளிய போய் என்னமும் சாப்பிட்டுக்கோங்க'ன்னேன். 'சரி ஆன்ட்டி, உங்களுக்கு வாக்குக் குடுக்கேன்'னா. சொன்ன மாதிரிதான் இருந்தா. கிறிஸ்மஸ் அன்னைக்குக்கூட அவ அம்மா வீட்டுக்குப் போயிதான் கறி சாப்பிட்டுட்டு வந்தா. அவ்வளவு நல்ல பிள்ள.

அந்தக் குட்டி இருக்காளே, அவ என்னக் கூப்பிடுத பேரு கீழம்மா. கீழ் வீட்டம்மான்னு யாரோ சொல்லிக் குடுத்தாங்க, அது வாயில வரல, கீழம்மான்னு ஆக்கிட்டா. காலையில எந்திச்சதும் மேல தடதடன்னு ஓடுவா. ஓவர்டேங்க் மூடியத் தட்டுவா. பந்த உருட்டுவா. எனக்குத் தலைவலி வரும். 'ஏட்டி, கொஞ்சம் மெதுவா நட, தலைக்கு மேல ரயில் ஓடுத மாதிரி இருக்கு'ன்னு கீழ இருந்து கத்துவேன். உடனே அவ சிரிச்சுக்கிட்டே இன்னும் ரெண்டு சுத்து ஓடுவா. இப்பக் கேளுங்க, என்ன சத்தம் கேக்கு? ஒண்ணும் கேக்கல. ஃபிரிட்ஜ் சத்தம்தான். அது நின்னுட்டா அதுவும் இல்ல. வீடு ஓன்னு கெடக்கு.

நான் வருசா வருசம் சஷ்டி விரதம் இருப்பேன். சூரசம்ஹாரம் முடியுத வரைக்கும் பாலும் பழமும்தான். நீங்க விரதம் இருப்பீங்களா? அப்பத் தெரியும் உங்களுக்கு. வயிறு காஞ்சு கெடக்கும்போது மூக்கு எப்படி இருக்கும்? எங்கயோ தெருக்கோடியில கடுகு தாளிச்சாலும் நமக்கு வரும். அப்பிடி இருக்கையில, சூரசம்ஹாரத்துக்கு முந்தின நாள், மத்தியானம், வேலுக்குப் பூ சாத்திட்டு உக்காந்திருக்கேன். மாடியில இருந்து எறங்குது வாசம். பட்டை வாசம்.

எங்க வீட்டுல பட்டை வாங்குனது கிடையாது. எங்களுக்குப் பட்டைன்னா கறிக்குப் போடுத சாமான், அவ்வளவுதான். கல்யாண வீட்டுல குருமான்னு ஊத்துவாங்கல்லா, அதக்கூட நான் ஒதுக்கி வச்சிருவேன். பட்டை வாசம் வந்தா அங்க கறி வேகுதுன்னுதான் அர்த்தம். நீங்களே இப்ப வாசல்ல என்ன நெனச்சீங்க? சொல்லுங்க. அதத்தான் நானும் நெனச்சேன். நெனச்சது தப்பா?

நேரா படிக்கட்டுக்குக் கீழ போய் நின்னேன். மேல ஏறல. விரதத்துல இருக்கவ அங்க ஏறுவேனா? அங்க நின்னுக்கிட்டே கூப்பிட்டேன். வந்தா. கையில முழங்கை வரைக்கும் மாவு. முகத்துல ஒரு சிரிப்பு வேற. என்னக் கண்டதும் என்னமோ சொல்ல வாய் எடுத்தா. நான் விடல. அவ பேசுனா எனக்கு மனசு எறங்கிரும், எனக்குத் தெரியும் என்னப் பத்தி, அதான் விடல. 'கீழ நான் முருகன வச்சுக் கும்பிடுதேன், மேல நீ கறி வதக்குதியா? வாக்குக் குடுத்தியே, அந்த வாக்கு என்ன ஆச்சு? நல்ல நாள் பாத்துத்தானா பண்ணணும்?'னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். எதிர்வீட்டுக்காரி வெளிய வந்துட்டா. பக்கத்து வீட்டு வராண்டாவுல ரெண்டு பேரு. அவ சிரிப்பு அப்பிடியே நின்னுபோச்சு. 'ஆன்ட்டி, கறி இல்ல ஆன்ட்டி'ன்னு ஒரு தடவ சொன்னா. ஒரு தடவதான். இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்லா? அழுத்திச் சொல்லியிருக்கலாம்லா? உள்ள போய் அந்தத் தட்ட எடுத்துட்டு வந்து காட்டியிருக்கலாம்லா? படிச்ச பிள்ள, டீச்சரு, பேசத் தெரியாதா?

அவ உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. நான் ஒரு வாளியில மஞ்சளக் கரச்சு, படிப்படியாத் தெளிச்சு விட்டேன். தீட்டுக் கழிக்கணும்லா. விரதம்லா. மஞ்சள் நல்லதுதானே, கிருமி நாசினின்னு அவங்க ஸ்கூல் புஸ்தகத்துலயே இருக்குமே. ஆசீர் சாயங்காலம் வந்தாரு. வெள்ளப் பேண்ட் போட்டிருந்தாரு. படியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. பேண்ட ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஏறிப் போனாரு. ஒரு வார்த்த கேக்கல.

மறுநாள் சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போயிட்டு வந்தேன். அதுக்கு அடுத்த வாரம் ரெண்டு பேரும் ஒண்ணாக் கீழ எறங்கி வந்தாங்க. 'வேற வீடு பாத்துட்டோம் ஆன்ட்டி'ன்னாங்க. போகச் சொல்லி நான் சொல்லல, கேட்டீங்களா? என் வாயால அப்பிடி ஒரு வார்த்த வரவே இல்ல. அவங்களாத்தான் போனாங்க. வண்டியில சாமான் ஏத்தும்போது அந்தக் குட்டி என் சேலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. நான் பூசைக்கு நேரமாச்சுன்னு உள்ள வந்துட்டேன். என்ன பண்ணச் சொல்லுதீங்க?

இருங்க, ஓவனப் பாத்துட்டு வந்திருதேன். மேல நெறம் ஏறணும். இன்னும் கொஞ்சம் வேணும்.

அப்புறம் தை மாசம். மார்க்கெட்டுல கத்திரிக்கா பொறுக்கிக்கிட்டு நிக்கேன், பின்னாடி இருந்து யாரோ இடுப்பக் கட்டிப் பிடிக்காங்க. பாத்தா ஹெப்சி. அவ அப்பா அந்தக் கடையில வெங்காயம் வாங்கிக்கிட்டு நிக்காரு. இது என்னப் பாத்து, 'கீழம்மா, நீங்க ரோல் சாப்பிடவே இல்லியே'ங்கு. 'என்ன ரோலு?'ன்னேன். 'சினமன் ரோல், பட்டை போட்ட இனிப்பு பன்னு. உங்க விரதம் முடிஞ்சதும் குடுக்கணும்னு அம்மா செஞ்சா. நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு முட்டை போடாம செஞ்சா. முட்டை போடாம நல்லா வருதான்னு பாக்க முந்தின நாளே ஒரு தட்டு செஞ்சு பாத்தா. அப்பத்தான் நீங்க சத்தம் போட்டீங்க'ங்கு. பிள்ள சிரிச்சுக்கிட்டே சொல்லுது. அதுக்கு என்ன தெரியும்? ஆசீர் வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. எனக்கு ஒரு கும்பிடு போட்டாரு. நான் கத்திரிக்காய அங்கயே கொட்டிட்டு வந்துட்டேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. உண்மையாச் சொல்லுதேன், எறங்கல.

பியூலா மேல எனக்குக் கோவம் வந்தது. எனக்காகச் செஞ்சேன்னு ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாளே. சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரோசம் ஜாஸ்தி.

சரி, அவ செஞ்சத நாமளும் செஞ்சு பாப்போம்னு ஆரம்பிச்சதுதான் இது. இட்லி மாவு அரைச்ச கைக்கு இது என்னன்னு நெனச்சுட்டேன். செல்லுல ஒரு வெள்ளக்காரி செய்யுதா. பேசுதது ஒண்ணும் புரியல, அவ கையத்தான் பாத்தேன். முதல் நாள் ஈஸ்ட்டுல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்திட்டேன். மாவு கல்லு மாதிரி அப்பிடியே கெடக்கு. எதிர்வீட்டுப் பொண்ணுகிட்ட கேட்டா, 'ஈஸ்ட் உயிருள்ளதுக்கா, கை பொறுக்குத சூடுதான் இருக்கணும், நீங்க கொன்னுட்டீங்க'ங்கா. பாருங்க, சைவக்காரி கையால அப்பிடி ஒரு பாவம்.

அப்புறம் பட்டை வாங்கப் போனேன். வாழ்க்கையிலயே மொத தடவ. கடை அண்ணாச்சி என்ன ஏற எறங்கப் பாக்காரு. 'என்னக்கா, வீட்டுல விசேசமா?'ன்னு ஒரு சிரிப்பு. அவரா ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தாரு. பட்டை, கிராம்பு, சோம்பு, அன்னாசிப்பூ எல்லாம் கலந்து. எனக்கு எது எதுன்னு தெரியுமா? மொத்தத்தையும் மிக்சில போட்டுப் பொடிச்சு, நாட்டுச் சக்கரையோட கலந்து தடவிட்டேன். வெந்து வந்தது பாருங்க ஒரு வாசம். அன்னைக்கு நானே கதவு சன்னல் எல்லாத்தையும் சாத்திட்டேன். பிறகுதான் மெல்லிசா, பேப்பர் சுருட்டுனாப்ல ஒரு பட்டை உண்டு, அதத்தான் வாங்கணும்னு தெரிஞ்சுது.

மாவ நல்லாப் பிசையணும். கை வலிக்கும் வரைக்கும். பிறகு சப்பாத்திக் கட்டையால பெருசாத் தேச்சு, வெண்ணெயத் தடவி, சக்கரையும் பட்டைப் பொடியும் தூவி, பாய் சுருட்டுத மாதிரி சுருட்டணும். கத்தியால வெட்டினா நசுங்கிப் போவுது. அந்த வெள்ளக்காரி நூல வச்சு வெட்டுதா. எங்கிட்ட பூக் கட்டுத நூல் இருக்கு. அதச் சுத்திப்போட்டு ரெண்டு பக்கமும் இழுத்தேன், வெண்ணெய்ய வெட்டுனாப்ல வந்துட்டு. அப்புறம் தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைக்கணும். நான் முதல்ல அழகுக்குத் தள்ளித் தள்ளி வச்சேன். தனியா இருந்தது எல்லாம் ஓரம் காஞ்சு போச்சு. ஒட்டி வச்சாத்தான் மெத்துன்னு இருக்கும்.

இப்ப நல்லா வருது. ஆனா சாப்பிடத்தான் ஆள் இல்ல. பூக்காரிக்கு ரெண்டு குடுத்தேன். மோந்து பாத்துட்டு, 'இது என்னக்கா கறி வாசம் அடிக்கு'ன்னு தெருமுக்குல நிக்க மாட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்டா. தெருவுல வேற பேச்சு. வடிவக்கா வீட்டுல கறி சமைக்காளாம், வீட்டுக்காரர் போனதும் மாறிட்டாளாம். பக்கத்து வீட்டுல கோயில் பிரசாதம் குடுத்து விடுவாங்க, அதையும் நிறுத்திட்டாங்க. விளக்கு பூசைக்குக் கூப்பிடுத பொம்பளைங்க இந்தத் தடவ என்னக் கூப்பிடல. ஏன், வந்து கேக்க வாய் இல்லியா இவங்களுக்கு? நாக்கு வெந்தா போச்சு? ஒரு வார்த்த கேட்டா நான் தட்டோட கொண்டாந்து காட்ட மாட்டேனா? மனுசங்க இப்பிடியும் இருப்பாங்களான்னு இருக்கு.

கண்ணு கலங்கல, ஓவன் சூடு. திறந்துட்டேன் பாருங்க. எப்பிடி வந்திருக்கு? கைய வைக்காதீங்க, சுடும்.

ஒரு உதவி கேக்கட்டுமா? நீங்க போற வழிதான். நான் ஒவ்வொரு தடவையும் இதச் செஞ்சு டப்பாவுல வச்சு எடுத்துக்கிட்டுக் கெளம்புவேன். அவங்க இருக்கது பக்கத்துலதான். சர்ச்சத் தாண்டி ரெண்டாவது சந்து. சர்ச் வரைக்கும் போவேன். அதுக்கு அங்கிட்டு கால் வரமாட்டேங்கு. திரும்பி வந்து நானே உக்காந்து திம்பேன். நானே போய்க் குடுக்கலாமேங்கீங்க. நான் எதுக்குப் போவணும்? நான் வயசுல மூத்தவ. அவ ஒரு எட்டு வந்திருக்கலாம்லா? அவங்களுக்காகத்தான் மாடிய யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன், அது அவளுக்குத் தெரியாண்டாமா?

சந்துக்குள்ள நொழஞ்சதும் நீலக் கேட்டு. கேட்டுக்குப் பக்கத்துல ஒரு முருங்கை மரம்…

தெரியுமா? எப்படித் தெரியும்?

உங்க பிள்ளைக்கு டீச்சரா.

அப்ப போர்டப் பாத்து வரலியா நீங்க.

அவ அனுப்பித்தான் வந்தீங்களா. என்ன சொன்னா? இல்ல, மறைக்காண்டாம், அவ சொன்னத அப்பிடியே சொல்லுங்க.

'சுத்தமான சைவ வீடு. கீழ இருக்க அம்மா கொஞ்சம் சத்தம் போடுவாங்க, மத்தபடி தங்கமானவங்க. தனியா இருக்காங்க, உங்க பொண்ணு ஓடி ஆடினா அவங்களுக்கு நல்லாருக்கும்.' அப்பிடியா சொன்னா? படியப் பத்தி ஒண்ணும் சொல்லலியா? நல்லா யோசிச்சுப் பாருங்க. மஞ்சத் தண்ணியப் பத்தி?

ஒண்ணும் சொல்லலியா.

இருங்கம்மா. கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன்.

அப்ப அவ வர மாட்டா. தான் வாரதா இருந்தா உங்கள அனுப்புவாளா? எனக்கு ஆள் பாத்து அனுப்பிட்டா. நானும் மடச்சி மாதிரி மாடியப் பூட்டி வச்சுக்கிட்டு, மாவக் கொண்டுபோய் வச்சுக்கிட்டு... சரி. சரி, விடுங்க.

உங்க பொண்ணுக்கு எத்தனை வயசு? ஓடுவாளா? ஓடட்டும்.

இந்தாங்க சாவி. நீங்களே போய்த் தெறந்து பாருங்க, எனக்கு இப்ப ஏற முடியல. காத்து பட்டா பட்டுட்டுப் போவுது, ஓரத்து ரூம்ல இருக்க மாவுச் சட்டிய மட்டும் எடுத்துட்டு வந்திருங்க. படியில பாத்து ஏறுங்க.

அப்புறம் இந்த டப்பா. சூடா இருக்கு, மூடிய லேசாத் தெறந்து வச்சு எடுத்துட்டுப் போங்க. நான் குடுத்தேன்னு சொல்லாண்டாம். எதுவும் சொல்லாண்டாம். முட்டை போடலன்னு மட்டும் சொல்லுங்க, அவளுக்குத் தெரியும்.